பதினோரு நாள் நிற்க வேண்டிய புட்டி

08-01-2024

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதனால் கேட்கப்போவதும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டில் வருகிறது. உச்சித் தோட்டத்தில் 1999இல் பறித்த திராட்சை. கேபர்னே வகை பாதிக்கு மேல், மீதி மெர்லோ வகை. என் வீட்டுக்காரர் பிரான்சின் போர்தோ ஊர் முறையில் சேர்த்துப் பீப்பாயில் வைத்துச் செய்த சிவப்பு ஒயின். மூன்றே மூன்று பாட்டில்தான் எடுத்து வைத்திருந்தார். போன மாதம் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது கிடைத்தன. ஒன்றை நானே திறந்து குடித்தேன். குடித்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. ஆனால் என் நாக்கை நான் நம்பவில்லை. அறுபத்தேழு வயதில், கணவர் கையால் செய்து எஞ்சிய பொருளைக் குடித்தால் யாருக்குத்தான் ஏதாவது ஆகாது?

பிப்ரவரி ஒன்றாம் தேதி உச்சித் தோட்டத்துக் கொடிகளைப் பிடுங்குகிறார்கள். இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் மருமகன். நல்ல பிள்ளைதான். "அத்தை, அது செங்குத்துச் சரிவு. ஒரு கொடிக்கு ரெண்டு கொத்துகூட வர்றதில்லை. உங்க அண்ணனே எழுத்துல கொடுத்திருக்காரே, அந்த ஒயின் பத்து வருஷம் தாங்காதுன்னு. ஒயினைச் சுவைச்சுச் சொல்றதுல அவரைவிடப் பெரிய ஆளை நான் எங்க போய்த் தேடுறது?" என்கிறான். அவன் அலமாரியில் உங்கள் பழைய அறிக்கை இருக்கிறது. அதற்கு எதிராக நான் என்ன பேசினாலும் அவனுக்கு அது கிழவியின் கண்ணீர்.

ஆகவே நீங்களே குடித்துப் பாருங்கள். சொன்னது சரி என்றால் மறுபடி எழுதிக் கொடுங்கள், பிடுங்கட்டும். தவறு என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். இருபத்து மூன்று வருஷமாக உங்களிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

தங்கை

பி.கு.: அவர் போன அன்று நீங்கள் வாசல்வரை வந்து, நின்று, திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

---

13-01-2024, சனிக்கிழமை, பிற்பகல் 2.15

அன்புத் தங்கைக்கு,

உன் 08-01-2024 தேதியிட்ட கடிதமும் புட்டியும் இன்று காலை 9.20க்குக் கிடைத்தன. முதலில் ஒரு திருத்தம். இருபத்து மூன்று ஆண்டுகள் அல்ல. 'இனி எனக்கு எழுத வேண்டாம்' என்று நீ எழுதியது 11-04-2001 அன்று. அன்றிலிருந்து உன் இந்தக் கடிதத்தின் நாள்வரை இருபத்திரண்டு ஆண்டுகள், எட்டு மாதங்கள், இருபத்தெட்டு நாட்கள். மாதத்தைக் கூட்டிச் சொன்னால் துயரம் கூடிவிடாது.

இரண்டாவது, புட்டியை அனுப்பிய விதம். இவ்வளவு வயதான மதுவின் அடியில் வண்டல் படிந்திருக்கும் என்பது, ஒயின் செய்பவரின் வீட்டில் நாற்பது ஆண்டு வாழ்ந்த உனக்குத் தெரியாததல்ல. அதைப் பார்சல் வண்டியில் ஐந்து நாள் உருட்டி அனுப்பியிருக்கிறாய். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு புழுதிப் புயல். இன்று முதல் பதினோரு நாட்கள் இது அசையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். 24-01-2024, புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சுவைப்பேன். நாக்கு மிகச் சுத்தமாக இருக்கும் வேளை அது. பிப்ரவரி ஒன்றுக்குள் என் எழுத்து உன் கையில் இருக்கும்.

புட்டியில் ஒட்டுத்தாள் இல்லை. தோளில் வெள்ளை வர்ணத்தால் 'இரண்டு' என்று தமிழ் எண்ணில் குறித்திருக்கிறது. எஞ்சியவற்றுள் இது இரண்டாவது எனக் கொள்கிறேன்.

2001ஆம் ஆண்டு அறிக்கையைப் பற்றி இப்போது எதுவும் கூறமாட்டேன். அவ்வாண்டுக் குறிப்பேடு பரண்மீது தகரப் பெட்டியில் இருக்கிறது. ஒரு மதுவைச் சுவைக்கும் முன் அதைப் பற்றிய பழைய குறிப்பைப் படிப்பதில்லை என்பது முப்பத்தாறு ஆண்டுகள் நான் மீறாத விதி. நினைவிலிருந்தும் எதையும் எடுக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மைத்துனர் அனுப்பிய மாதிரிகளைச் சுவைத்து, என் நாக்கு உணர்ந்ததை மட்டுமே எழுதினேன். அதற்காக மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

16-11-2019 அன்று வாசலில் இருபது நிமிடம் நின்றேன். உள்ளே வர என்னை யாரும் தடுக்கவில்லை என்பதையும் அறிவேன்.

அண்ணன்

---

18-01-2024

அண்ணா,

பாட்டிலுக்குப் பதினோரு நாள் நிற்கும் தண்டனையா? பள்ளிக்கூடத்தில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் நிற்க வைத்ததில்லை. அவர் உங்களைப் 'பஞ்சாங்கம்' என்று கூப்பிட்டது சும்மா இல்லை. "பஞ்சாங்கம் கடிதம் போட்டிருக்கா? நல்ல நேரம் பார்த்துப் பிரி" என்பார். நீங்கள் எழுதுவது நின்ற பிறகும் தபால்காரர் மணி அடித்தால் அதையேதான் சொல்வார். பிறகு அவரே பேச்சை மாற்றுவார்.

அது இரண்டு இல்லை. 'உ'. உச்சித் தோட்டம். உங்களுக்குக் கண்ணில் படுவதெல்லாம் எண்தான். கீழே இருக்கும் அடித் தோட்டத்துக்கு 'அ', மேலே உச்சித் தோட்டத்துக்கு 'உ'. அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. உங்களுக்கு அனுப்பிய மாதிரிப் பாட்டில்களிலும் அதைத்தான் எழுதினார். நானே பக்கத்தில் நின்று தூரிகை பிடித்துக் கொடுத்தேன். "பேரைப் போட்டா உங்க அண்ணனுக்கு எது எதுன்னு தெரிஞ்சிடும். மச்சானாச்சேன்னு பாசம் வந்து நாக்குல உட்கார்ந்துக்கும். எழுத்து மட்டும் போதும்" என்றார். அவ்வளவு நம்பினார் உங்கள் நாக்கை.

அறிக்கை வந்த அன்று சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தார். இன்னும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. 'எண் 2: மிக உயர்ந்தது. இருபது ஆண்டுக்கு முன் திறக்க வேண்டாம். எண் 8: கனம் போதாது. பத்தாண்டு தாங்காது. வேறொன்றோடு கலந்துவிடலாம்.' "எண்ணா? எழுத்துதானே போட்டு அனுப்பினோம்?" என்றேன். "பஞ்சாங்கத்துக்கு எண் போட்டாத்தான் தூக்கம் வரும். நம்ம பீப்பாய் எண்ணை யார்கிட்டயாவது விசாரிச்சிருப்பார்" என்றார். எங்கள் கிடங்கில் பத்துப் பீப்பாய்கள். ஒன்று முதல் ஐந்துவரை அடித் தோட்டம். ஆறு முதல் பத்துவரை உச்சித் தோட்டம். எட்டு என்றால் உச்சிதானே?

அப்படியே கிடங்குக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். எட்டாம் பீப்பாய்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சரிவில் கல் அடுக்கிப் படி கட்ட மூன்று வருஷம் தன் முதுகில் கல் சுமந்தார், அண்ணா. "போகட்டும் விடு" என்றார். ஐந்து பீப்பாயையும் சாதாரணச் சரக்கோடு கலந்துவிட்டார். மூன்று பாட்டில் மட்டும் எப்போது எடுத்து ஒளித்தாரோ தெரியாது.

நீங்கள் கொண்டாடிய அடித் தோட்டத்து ஒயினை இருபது வருஷம் வைக்கலாம் என்று நம்பினோம். பதினைந்தாம் வருஷமே சிவப்புத் தண்ணீராகிவிட்டது. அன்று முதல்முறையாகச் சிரித்தார். "பஞ்சாங்கமும் தப்பும் போலிருக்கே" என்றார். "அப்ப உச்சியில எடுத்ததும் எங்காவது இருந்தா திறந்து பார்க்கலாமே" என்றேன். "வேணாம். ஒருத்தர் சொல்லிக் கேட்டதே போதும். நாக்கும் அதையே சொல்லிட்டா அப்புறம் யார்கிட்டப் போறது?" என்றார்.

கோபம் என்னுடையது, அண்ணா. அவருக்குக் கோபமே இல்லை. வெட்கம். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம்.

இதைத் தெரிந்துகொண்டு குடியுங்கள்.

தங்கை

---

25-01-2024, வியாழக்கிழமை, காலை 6.10

அன்புத் தங்கைக்கு,

இக்கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். இத்துடன் உன் மருமகனுக்குத் தனியே ஓர் அறிக்கையும் உள்ளது. வேறு எதையும் படிக்கும் முன் அதை அவர் கையில் கொடு. கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதைப் படி.

நேற்று நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

காலை 10.50. கார்க்கை எடுத்தேன். உடையாமல் முழுதாக வந்தது. அடிமுனை மட்டும் கறுத்திருந்தது. புட்டியின் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியை வைத்து, சுடரைப் பார்த்தபடியே கண்ணாடிக் குடுவைக்கு வடித்தேன். வண்டலின் முதல் இழை கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். பதினோரு நாள் நின்றதன் பயனாக, மது ரத்தினக்கல் போலத் தெளிந்திருந்தது.

11.00. நிறம். கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்தேன். நடுவில் மாதுளையின் அடர்சிவப்பு. ஓரத்தில் பழஞ்செங்கல் நிறம். இந்த வயதில் அந்த ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துப் பரவியிருக்கும். இதில் நகக்கண் அளவே இருந்தது. புட்டி மாறிவிட்டதோ என்று ஐயுற்றேன்.

11.05. மணம். ஒன்றுமில்லை. பூட்டிய வீட்டின் ஈர வாடை, அதற்கப்பால் எதுவுமில்லை. 'காலம் கடந்துவிட்டது' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். நல்லவேளையாக மையில்லை. மை நிரப்பித் திரும்ப ஏழு நிமிடம் ஆயிற்று.

11.12. அறைக்குள் நுழையும்போதே நின்றுவிட்டேன். யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அப்போதுதான் சீவிய பென்சிலின் மரவாசம். உலர்த்திய புகையிலை. அதன் பின்னே, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருவது போல, கருநிறப் பழங்கள், பழைய தோல்பை, காட்டுக் காளான். கோப்பையைச் சுழற்றவே மனம் வரவில்லை. சபையில் பேசிக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டுவது போன்ற மரியாதைக் குறைவு அது.

11.20. வாயில் வைத்தேன்.

தங்கச்சி, நான் 31-07-2011 அன்று ஓய்வு பெறும்வரை நாற்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சுவைத்துத் துப்பியவன். துப்புவது எங்கள் தொழில். விழுங்கினால் அடுத்ததைச் சுவைக்க இயலாது. நேற்று துப்ப முடியவில்லை. இளமையில் இரும்பாக இருந்திருக்க வேண்டிய துவர்ப்பு, பலமுறை துவைத்த பட்டுத் துணியாக நாக்கின்மேல் விரிந்தது. புளிப்பு இன்னும் நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது. விழுங்கிய பின் கடிகாரத்தைப் பார்த்தேன்; சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவது வழக்கம். ஐம்பது நொடியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாம் அடங்கிய பிறகு கடைசியில் ஒன்று மட்டும் எஞ்சியது. மழை பெய்து ஓய்ந்தபின் கல்லிலிருந்து எழும் வாசம். அது எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் கூட்டும் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "என்னங்க ஐயா, இப்படி உறைஞ்சு போய் உட்கார்ந்திருக்கீங்க? யாராவது போயிட்டாங்களா?" என்றாள். "இல்லைம்மா, வந்திருக்காங்க" என்றேன். அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் கூட்டாமலேயே போய்விட்டாள்.

மதிப்பெண் கட்டத்தை வெறுமையாக விட்டேன். இதுவரை அப்படி விட்டதில்லை. ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் மறுபடி முகர்ந்தேன். ஒவ்வொரு முறையும் அது வேறொன்றாக வளர்ந்திருந்தது. தளரவில்லை. இன்னும் பத்து ஆண்டுகள் தாராளமாக வாழும். நான் இருக்கமாட்டேன், அது இருக்கும்.

3.40க்குத் தபால்காரர் உன் 18-01-2024 தேதியிட்ட கடிதத்தைத் தந்தார். கோப்பை கையிலிருக்க, நின்றபடியே படித்தேன். 'அது இரண்டு இல்லை. உ.' அந்த வரியில் நின்றவன் அடுத்த வரிக்குப் போக வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் எழுபத்தெட்டு வயதில் ஏணி வைத்துப் பரண்மேல் ஏறினேன். திட்டாதே, அந்த அம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் குறிப்பேடுகளில் எண்களைத் தமிழ் எண்களாகவே எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். பெருமைக்காகத் தொடங்கியதல்ல. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து என் மதிப்பெண்ணைக் காப்பியடிக்காமலிருக்கத் தொடங்கியது. தமிழ் எண்ணில் 'உ' இரண்டு. 'அ' எட்டு. இருபத்தாறு ஆண்டு அப்படி எழுதிப் பழகியவன் கண்ணுக்கு, ஒரு புட்டியின் தோளில் தனியே நிற்கும் உயிரெழுத்து எழுத்தாகவே தெரியாது. 27-03-2001, செவ்வாய்க்கிழமை, என் முன்னே இரண்டு புட்டிகள் நின்றன. பல பீப்பாய்களுள் தேறிய இரண்டாவதும் எட்டாவதும் என்று எண்ணினேன். அவ்வாறே குறித்தேன். எங்கள் அலுவலகத் தட்டச்சர் அம்மாள் அதை ஊருக்குப் புரியும் 2, 8 என்று மாற்றி அடித்தார். நான் ஒப்பமிட்டேன்.

நான் 'எட்டு' என்றது அடித் தோட்டத்தை. 'இரண்டு' என்றது உச்சித் தோட்டத்தை.

அவர் கல் சுமந்த சரிவை நான் பழிக்கவில்லை. குறிப்பேட்டில் உள்ளதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: 'உ. துவர்ப்பு இரும்பு வேலி. இப்போது யாரையும் உள்ளே விடாது. இருபது ஆண்டுக்கு முன் திறப்பவன் முட்டாள். திறக்கும் நாளில் நான் உயிரோடிருக்க வேண்டும். இதைச் செய்தவர் என் மைத்துனர் என்று சபையில் சொல்லிக்கொள்ள ஆசை. விதி இடம் தராது. இருபதுக்குப் பத்தொன்பது.'

இவ்வளவு புகழ்ந்தும் அவர் ஏன் ஒரு வரி பதில் போடவில்லை என்று நான் வருந்தினேன், தெரியுமா? எட்டாம் எண்ணைச் சற்றுக் கடுமையாக எழுதியதற்கா இவ்வளவு கோபம் என்று நானும் முறைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் நாக்கு தவறவில்லை. அதில் எனக்கு எள்ளளவும் மகிழ்ச்சியில்லை. தவறியது கண். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது என்று 13ஆம் தேதி எழுதினேன். அந்த வரியை அடித்துவிடு.

ஆயினும் இதையும் சொல்ல வேண்டும். நாமெல்லாரும் தப்பாகவே படித்துக்கொண்டிருந்த இத்தனை ஆண்டுகளும் இது இருட்டில் படுத்தபடி, யார் சொல்லையும் கேட்காமல், தான் ஆக வேண்டியதாகவே ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. இதன்முன் நான் சிறு பையனாகிவிட்டேன்.

உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். என்னிடமுள்ள எண்ணில் ஒரு மீன்பண்ணைக்காரர் எடுத்தார். அதுவும் தவறான எண். நானே புறப்படலாம் என்று எழுந்தேன். நீ கூப்பிடாமல் உன் வாசலில் இன்னொரு முறை நிற்க எனக்குத் துணிவில்லை.

பிப்ரவரி ஒன்று. மறவாதே.

அண்ணன்

---

31-01-2024

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்று மதியம் பன்னிரண்டே காலுக்கு வந்தது. நேரத்தைக் குறித்து வைத்தேன், உங்களுக்காக.

இயந்திரக்காரர் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே, நேற்றுக் காலையே வந்துவிட்டார். உலகத்தில் எல்லாரும் உங்களைப் போல் இல்லை. கவரைக் கிழித்ததும் அறிக்கையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அந்தப் படிகளில் நான் ஏறி நாலு வருஷம் ஆகிறது. மூச்சு வாங்கியது. மருமகன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். சத்தத்தில் நான் கத்தியது கேட்கவில்லை. காகிதத்தை அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். படித்தான். திருப்பி முதலிலிருந்து படித்தான். "அத்தை, இதை எழுதினது அதே ஆளா?" என்றான். "அதே ஆள்தான். இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டார்" என்றேன். கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தினான்.

அதற்குள் இரண்டு வரிசை போயிருந்தது. எண்ணில் போடாமல் எழுத்திலேயே எழுதுகிறேன், பாருங்கள்: இரண்டு. மீதி இருபத்தாறு வரிசை நிற்கிறது. பிடுங்கிய கொடிகளின் வேர் என் உயரத்துக்கு மேல் இருந்தது. வேருக்குள் கல். கல்லைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் கடைசியில் எஞ்சியதாக எழுதிய அந்த வாசம் அங்கே காற்றெல்லாம் இருந்தது. மருமகன் குனிந்து ஒரு கல்லை எடுத்து முகர்ந்து பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கீழே வந்து உங்கள் கடிதத்தின் மீதியைப் படித்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு எழுத்து! கடிதத்தின் தலையில் சுழி போடுகிற எழுத்து, பாப்பா எழுதுகிற எழுத்து. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கோபமும் வந்தது. உங்கள்மேல், அவர்மேல், அந்தத் தட்டச்சர் அம்மாள்மேல். பக்கத்தில் நின்று தூரிகை பிடித்துக் கொடுத்த என்மேலும். எழுத்துப் போட்ட பாட்டிலுக்கு எண் எப்படி வந்தது என்று அன்றைக்கே கேட்டவள் நான். அவரிடம் கேட்டேன். உங்களிடம் கேட்கவில்லை.

நீங்கள் குறிப்பேட்டில் எழுதியதைக் கிடங்குக்குப் போய்ச் சத்தமாகப் படித்தேன். எட்டாம் பீப்பாய் காலியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு படித்தேன். 'செய்தவர் என் மைத்துனர் என்று சபையில் சொல்லிக்கொள்ள ஆசை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

இன்னும் ஒரு பாட்டில் இருக்கிறது. கடைசி. இன்று காலை அதைச் சாமான் அறையிலிருந்து எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில், அவர் நின்று படித்த பக்கமாக, நிமிர்த்தி வைத்திருக்கிறேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பதினோரு நாள் என்றைக்கு முடிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டில் மட்டும் நின்றால் போதும். நீங்கள் வாசலில் நிற்க வேண்டாம்.

தங்கை

---

05-02-2024, திங்கட்கிழமை, காலை 8.05

அன்புத் தங்கைக்கு,

11-02-2024, ஞாயிற்றுக்கிழமை. காலை 10.40க்கு உன் வாசலில் இருப்பேன். 10.41க்கு உள்ளே.

மெழுகுவத்தி நான் கொண்டு வருகிறேன். உனக்கு, எனக்கு, மைத்துனருக்கு என மூன்று கோப்பைகள் எடுத்து வை. மருமகனுக்குத் தனி. மைத்துனருடையதைக் கிடங்குக்கு நான் எடுத்துப் போகிறேன். எட்டாம் பீப்பாய்மேல் வைத்து, அதன் மணம் திறக்கும்வரை பக்கத்தில் இருக்க விரும்புகிறேன்.

இம்முறை பேனா கொண்டு வரமாட்டேன்.

அண்ணன்